வெறுங்கை என்று சொல்லாதீர்கள்

1

சில மாதங்களுக்கு முன் ஒரு வாரம் படிக்கட்டு பெருக்கும் முறை எங்களுடையது. நாங்கள் குடியிருக்கும் ஸ்டுட்கார்ட் பக்கத்தில் இது பழைய வழக்கம். அடுக்குமாடிக் குடியிருப்பில் வாரத்துக்கு ஒரு வீட்டார் பொதுப் படிக்கட்டையும் வாசல் நடைபாதையையும் பெருக்கித் துடைக்க வேண்டும். யாருடைய முறையோ அவர்கள் கதவில் ஒரு சிறு அட்டை தொங்கும். ஞாயிற்றுக்கிழமை துடைப்பத்தைத் தொட்டால் கீழ்வீட்டு அம்மாள் முகம் சுளிப்பார். சனிக்கிழமையே முடித்துவிட வேண்டும். முடித்துவிட்டு அட்டையை எதிர்வீட்டுக் கதவில் மாட்டினால் அடுத்த வாரம் அவர்கள் பாடு. எனக்கு இந்த ஏற்பாடு பிடிக்கும். எதிர்வீட்டுக்காரர் மருத்துவர், மேல்வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுநர். அட்டை இரண்டு கதவுகளுக்கும் போகிறது.

சனிக்கிழமை, இரண்டாம் மாடித் திருப்பத்தில் துடைப்பத்தோடு நின்றபோது தம்பி சேகர் அனுப்பிய வீடியோ வந்தது. சேகர் அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டிய எங்கள் நிலத்தில் லாட்ஜ் நடத்துகிறான். வேங்கிக்காலில் வீடு கட்டிக் குடியிருக்கிறான். ஊர் வியாபாரிகள் சேர்ந்து அவனுக்குப் பாராட்டு விழா எடுத்திருக்கிறார்கள். மேடைக்குப் பின்னால் ஆள் உயர ப்ளெக்ஸ். அதில் அவன் கைகூப்பி நிற்கும் படம். கீழே 'உழைப்பால் உயர்ந்தவர்' என்று சிவப்பு எழுத்து. சால்வை கழுத்திலிருந்து சரியச் சரிய அதைப் பிடித்துக்கொண்டு பேசினான்.

“எங்க அப்பா எங்களுக்கு விட்டுட்டுப் போனது வெறும் கல்லாங்குத்து. புல்லு மொளைக்காத எடம். எங்க அண்ணன் வெறுங்கையோட ஜெர்மனி போனாரு. நான் வெறுங்கையோட லாட்ஜ் கட்னேன். உழைப்பு ஒண்ணுதான் காரணம். உழைக்காதவன்தான் அதிர்ஷ்டம் அதிர்ஷ்டம்னு பேசிக்கினு இருப்பான்.”

கைதட்டல் வெகுநேரம் கேட்டது.

படிக்கட்டை முடித்து, அட்டையை மாட்டிவிட்டு, நாட்குறிப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இங்கே ஓர் இயந்திரத் தொழிற்சாலையின் அளவீட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வந்த உதிரிப் பாகத்தை அளந்து, அளவு தப்பியிருந்தால் காரணத்தை எழுதித் திருப்பி அனுப்புவது என் தொழில். சேகரின் பேச்சையும் அப்படித் திருப்பி அனுப்பத் தோன்றியது. கைதட்டியவர்களில் பலர் நான் இணையத்தில் எழுதும் இந்தக் குறிப்புகளைப் படிப்பவர்கள் என்பதால் உங்களுக்கே எழுதுகிறேன்.

2

எங்கள் நிலம் எங்களுக்கு வந்த விதத்தை முதலில் சொல்ல வேண்டும். அப்போது நான் கைக்குழந்தை. அம்மா, பெரியம்மா, கௌரி அக்கா ஆகிய மூவரும் மூன்று விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். மூன்றிலும் ஒத்துப்போவதை மட்டும் எழுதுகிறேன்.

தாத்தா இறந்தபின் பெரியப்பாவும் அப்பாவும் பாகம் பிரித்தார்கள். இருந்தவை இரண்டு துண்டுகள். கிரிவலப் பாதையை ஒட்டிப் பாறையும் முள்ளுமாக ஒரு கல்லாங்குத்து. அதற்குப் பின்னால் கிணற்றோடு கூடிய கொல்லை; நெல்லும், வேர்க்கடலைக்கு நாங்கள் சொல்லும் பேரான மல்லாட்டையும் விளையும் பூமி. கல்லாங்குத்து பரப்பில் பெரியது. அதை வைத்து என்ன செய்வது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. அண்ணன் தம்பி இருவருக்குமே கிணறு வேண்டும். பேசிப் பார்த்து முடியாமல், பிள்ளையார் கோயிலில் பூக்கட்டிப் போட்டுப் பார்ப்பது என்று பெரியவர்கள் தீர்மானித்தார்கள்.

வாழையிலைத் துண்டில் வெள்ளை அரளி, இன்னொன்றில் சிவப்பு அரளி. இரண்டையும் மடித்து நாரால் கட்டிச் சாமி முன்னால் போட்டு, விவரம் தெரியாத குழந்தை ஒன்றை விட்டு எடுக்கச் சொல்வார்கள். எடுப்பது மூத்தவருக்கு. வெள்ளை வந்தால் பெரியப்பாவுக்குக் கிணறு, சிவப்பு வந்தால் கல். எடுப்பதற்கு நிறுத்தப்பட்டவள் பெரியப்பாவின் ஒரே மகள் கௌரி அக்கா. அவளுக்கு ஆறோ ஏழோ வயது.

அவள் எடுத்தாள். பிரித்தார்கள். வெள்ளை.

பெரியம்மா அவளைத் தூக்கிச் சுற்றினாராம். அம்மா பிரசாதம் வாங்காமல் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். “போய் கல்ல நட்டு கல்ல அறுத்துக்கினு வா” என்று அப்பாவிடம் சொன்னது எங்கள் தெருவில் வெகுநாள் வழங்கியது.

அன்றிலிருந்து கௌரி அக்கா ராசிக்காரி. விதைக்கும்போது முதல் கை மல்லாட்டையை அவள்தான் போட வேண்டும். பக்கத்துக் கொல்லைக்காரர்கள்கூட அவளைக் கூட்டிப்போய்ப் போடச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அவளை யாரும் கூப்பிடவில்லை. விதைக்க எங்களிடம் ஒன்றும் இல்லை.

3

நான் பள்ளிப் படிப்பை முடிக்கும் காலத்தில் பௌர்ணமிக் கூட்டம் பெருகத் தொடங்கியது. அதற்கு முன்பும் மக்கள் மலையைச் சுற்றினார்கள். ஆனால் எதிரே வருபவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குத்தான். பிறகு சென்னையிலிருந்தும் வேலூரிலிருந்தும் ஆந்திரப் பக்கத்திலிருந்தும் பஸ் பஸ்ஸாக வந்தார்கள். என்ன காரணம் என்று பலர் பலவிதமாகச் சொல்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் யாரும் அதற்குக் காரணமில்லை என்பதை மட்டும் நான் உறுதியாகச் சொல்வேன். அப்பா யாரையும் வரச்சொல்லிக் கடிதம் எழுதவில்லை. சேகர் அப்போது கோலி விளையாடிக்கொண்டிருந்தான்.

முள்ளை வெட்டிய இடத்தில் முதலில் வண்டிகள் நின்றன. பிறகு இளநீர்க்கடை வந்தது, படக்கடை வந்தது. பிறகு வெளியூர்க்காரர் ஒருவர் கல்லாங்குத்தின் ஒரு பகுதியை விலைக்குக் கேட்டார். அவர் சொன்ன விலையை அப்பா இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். காது சரியாக இருக்கிறதா என்று சோதிக்க.

என் மதிப்பெண்ணுக்கு அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. தனியார் கல்லூரியில் பணம் கட்டிப் பொறியியல் சேர்ந்தேன். அது கல்லாங்குத்துப் பணம். சென்னையில் தங்கி ஜெர்மன் மொழி படித்தது, விமான டிக்கெட், இங்கே முதல் ஆண்டு வாடகை எல்லாம் அதுவே. சேகரின் லாட்ஜும் அதே பாறைமேல் எழுந்தது. வெறுங்கையோடு வந்தேன் என்று நான் எங்கேயும் சொன்னதில்லை. பையில் கல் இருந்தது.

இதே காலத்தில் பின்னால் இருந்த கிணற்றுக்கு என்ன ஆயிற்று? பாதை நெடுக லாட்ஜுகள் வந்தன. ஒவ்வொன்றும் போர் போட்டது. எங்கள் லாட்ஜும் போட்டது. கிணறு முதலில் கோடையில் வற்றியது, பிறகு மழைக்காலம் தவிர எப்போதும் வற்றியது. பெரியப்பா ஆழப்படுத்தினார், போர் போட்டார், புகைதான் வந்தது. கடைசியில் அப்பாவே கௌரி அக்காவைக் கூப்பிட்டு, கல்லாங்குத்தில் மிச்சமிருந்த இடத்தில் ஒரு கடை போட்டுக்கொள்ளச் சொன்னார். அவளும் அவள் கணவர் மணியும் அன்று தொடங்கிய டிபன் கடை இன்றும் அங்கே இருக்கிறது. கடையை ஒட்டித்தான் அவள் கொல்லைக்குப் போகும் வண்டிப்பாதை. வேறு வழி அந்த நிலத்துக்குக் கிடையாது.

அதன்பின் ஊர் பேச்சை மாற்றிக்கொண்டது. ராசிக்காரி என்றவர்களே, “அன்னிக்கு அந்த இன்னொரு பொட்டலத்த எடுத்திருக்கக் கூடாதா?” என்று இட்லிக்குக் காத்திருக்கும்போது கேட்பார்கள். “எடுத்திருந்தா உனக்கு யாரு இட்லி போடறது?” என்பாள் அக்கா.

உழைப்புதான் பணமாகிறது என்பவர்கள் இந்த இரண்டு வீட்டையும் அளந்து பார்க்கட்டும். எனக்குத் தொழிற்சங்க ஒப்பந்தப்படி வாரம் முப்பத்தைந்து மணி நேர வேலை. அதிகமாக ஒரு மணி நேரம் இருந்தால் அது விடுமுறைக் கணக்கில் ஏறும். கௌரி அக்காவிடம் கடைசியாக எப்போது லீவு எடுத்தாய் என்று கேட்டேன். யோசித்துவிட்டு, “எனக்கு அம்மை போட்டுச்சே, அப்ப” என்றாள்.

சேகர் சோம்பேறி என்று நான் எழுத மாட்டேன். ஆள் வராத நாளில் குளியலறையைத் தானே கழுவுகிறவன். ஆனால் அவன் வேர்வை பாதை ஓரத்துப் பாறைமேல் விழுந்தது. அக்காவின் வேர்வை வற்றிய கிணற்றுக்குள் விழுந்தது. இரண்டும் ஒரே உப்புதான்.

4

வீடியோ வந்த மறுநாள் ஒரு பத்திரத்தின் நகலும் வந்தது. அப்பா இறந்தபின் நானும் சேகரும் மீதி நிலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தோம். லாட்ஜை ஒட்டிய மேற்குப் பகுதி அவனுக்கு. அக்காவின் கடையும் வண்டிப்பாதையும் உள்ள கிழக்குப் பகுதி என் பேரில். இப்போது சென்னைக்காரர் ஒருவர் பெரிய ஓட்டல் கட்ட இரண்டையும் சேர்த்துக் கேட்கிறாராம். என் பகுதியை விற்கும் அதிகாரத்தைச் சேகருக்குக் கொடுக்கும் பவர் பத்திரம் அது. போன் செய்தேன்.

“பிரிண்ட் எடுத்துக்கோண்ணா. கான்சுலேட்ல போய்க் கையெழுத்து போட்டு கூரியர்ல அனுப்பிடு. மீதிய நான் பாத்துக்கறேன்.”

“கௌரி அக்கா கடை?”

“அவங்களுக்கு வேற எடம் பாக்கலாம்.”

“எங்க?”

“எங்கனா.”

“பின்னாடி கொல்லைக்கு வழி?”

“அதுல என்னா வெளையுதுன்னு வழி கேக்கற நீ? அண்ணா, நீ அங்க உக்காந்துக்கினு பேசற. முன்னுக்கு வரணும்னு இருந்தா அவங்க எப்பவோ வந்திருப்பாங்க. இட்லி சுட்டே ஓட்டல் கட்னவங்க இல்லியா?”

“அவங்க கல்லாங்குத்துல கட்னாங்களா, காஞ்ச கெணத்துல கட்னாங்களா?”

சேகர் குரலைத் தாழ்த்திக்கொண்டான். “அது சாமி குடுத்த பாகம்ணா. பூ போட்டு வந்தது. நாம யாரையும் ஏமாத்தி வாங்கல.”

“நேத்து மேடையில உழைப்புன்ன. இன்னிக்கி சாமின்ற. ரெண்டுல ஒண்ணு சொல்லு.”

“மேடையில பேசறது வேற, வூட்ல பேசறது வேற. இதுகூடவா தெரியாது உனக்கு?”

தெரியும். வெளிநாட்டில் நம்மவர் கூடும் ஒவ்வொரு விருந்திலும் இந்த இரண்டு பேச்சையும் கேட்கிறேன். தட்டில் பிரியாணி இருக்கும்போது உழைப்பு. ஊரில் பங்காளி வழக்குப் போட்டான் என்று சொல்லும்போது முன்னோர் சொத்து.

கான்சுலேட்டின் இணையப் பக்கத்தைப் பார்த்தேன். சாட்சிகள், புகைப்படம், கைரேகை, முன்பதிவு. தேடிக்கொண்டே போனபோது எனக்குப் பொருந்தும் ஒரு விதி கண்ணில் பட்டது. நான் இப்போது ஜெர்மன் பாஸ்போர்ட் வைத்திருப்பவன். என்னைப் போன்றவர்கள் சம்பாதித்த பணத்தில் இந்தியாவில் விவசாய நிலம் வாங்க முடியாது. பரம்பரையாக வந்ததை வைத்துக்கொள்ளலாம். அங்கே வசிக்கும் இந்தியக் குடிமக்களுக்குக் கொடுக்கவும் செய்யலாம். இந்த விதியை எழுதியவர் என் சம்பளத்தையும் என் பிறப்பையும் தனித்தனியாக வைத்திருக்கிறார். சேகர் மேடையில் அதைத்தான் கலந்துவிட்டான்.

5

என் மகள் யாழினிக்குப் பதினாறு வயது. அவள் வகுப்பில் பரம்பரைச் சொத்துக்கு வரி கூட்டலாமா என்று விவாதம். கூட்ட வேண்டும் என்ற கட்சியில் அவள் பேச வேண்டுமாம். வீட்டில் எங்களோடு பேசுவது குறைந்துவிட்ட பெண். கேட்டால் ஜெர்மனில் பதில் வரும். தமிழில் வந்தால் என் ஊர்த் தமிழில் வரும். வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் அவள் எழுதும் 'ஜாஸ்தி', 'கம்மி'யை அடித்துவிட்டு ஆசிரியை 'அதிகம்', 'குறைவு' என்று எழுதுகிறார். இவள் ஜாஸ்தியும் கம்மியும் அப்பா கண்டுபிடித்த சொற்கள் என்று நீண்டகாலம் நினைத்திருந்தாள்.

பௌர்ணமியன்று கௌரி அக்காவை வீடியோவில் கூப்பிட்டபோது யாழினி தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அக்கா போனை எண்ணெய் டின்மேல் சாய்த்து வைத்துவிட்டு வடை தட்டிக்கொண்டிருந்தாள். பின்னால் செருப்பில்லாத கால்கள் போய்க்கொண்டே இருந்தன.

“அத்தை, நீ என்ன பண்ற?” என்றாள் யாழினி.

“நீயா? ஏண்டா, உங்க ஜெர்மன்ல மரியாதைக்கு வார்த்தையே கெடையாதா?”

“இருக்குதுக்கா. அதுல ஒழுங்கா சொல்லுவா,” என்றேன். உண்மைதான். பள்ளியில் வாத்தியாரிடம் அவளுக்கு இந்தத் தவறு ஒருநாளும் வராது.

யாழினி சுதாரித்துக்கொண்டாள். “அத்தை, நீங்க வேலை ஜாஸ்தி செய்றீங்க. காசு ஏன் கம்மி?”

மணி மாமா அடுப்பைக் கவனிப்பதுபோல் குனிந்துகொண்டார். அக்கா வடையைத் திருப்பிப் போட்டாள்.

“நான் பெரிய பொட்டலத்த எடுத்துட்டேன் கண்ணு.”

“என்ன பொட்டலம்?”

“ரெண்டு பொட்டலம் வெச்சிருந்தாங்க. ஒண்ணு பெருசா, குண்டா கட்டிருந்தாங்க. காலையிலேந்து ஒண்ணும் துண்ணல நானு. உள்ள சக்கரப் பொங்கல் இருக்கும்னு நெனச்சி அத எடுத்துட்டேன். பிரிச்சா பூவு. எனக்கு அழுகையே வந்துடுச்சி. எங்கம்மா என்னத் தூக்கிக்கினு சுத்துது. எல்லாரும் சாமி பேசிடுச்சின்றாங்க. சாமி எங்க பேசிச்சி? பசிதான் பேசிச்சி.”

இத்தனை வருடத்தில் இதை அவள் என்னிடம் சொன்னதில்லை. வெள்ளை அரளியை யாரோ சற்றுத் தாராளமாக வைத்துக் கட்டியிருக்கிறார். என் படிப்பு, என் வேலை, நான் உட்கார்ந்து இதை எழுதும் மேசை எல்லாவற்றுக்கும் அதுதான் அடி.

யாழினி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுபோய் எழுந்து தன் அறைக்குப் போய்விட்டாள்.

நான் சென்னைக்காரர் விஷயத்தைத் தொடங்கினேன். அக்கா என்னை முடிக்க விடவில்லை.

“தெரியும்டா. ரெண்டு பேரு வந்து டேப்பு வெச்சி அளந்தாங்க. டீ குடுத்தேன். குடிச்சிட்டு என் அடுப்புக்கு ஊடாலயே டேப்ப இழுக்கறாங்க. என்னா பண்ணப் போற நீ?”

“கையெழுத்து போட மாட்டேன்.”

“இந்த வருசம் போட மாட்ட. சரி. அப்புறம்? உனக்கப்புறம் உன் பொண்ணுக்கு இந்த எடம் மேக்கா கெழக்கான்னு தெரியுமா? அவ ஒரே வாரத்துல போட்டுடுவா. நான் அப்ப எங்க போவேன்?”

“உன் பேருக்கு பவர் எழுதித் தரேன்.”

“பவரா? நீ கோச்சிக்கினா ரத்து. நீ செத்தா அதுவும் செத்துடும். பத்திரம் எழுதறவரு தெனம் நம்ம கடையிலதான் நாஷ்டா பண்றாரு. எல்லாம் கேட்டு வெச்சிக்கிறேன்.”

இதற்கு மேல் நான் அளந்து பார்க்க எதுவும் மிச்சமில்லை. “அப்ப எழுதிக் குடுத்துடறேன். மொத்தமா. உன் பேர்ல.”

யாரோ ரெண்டு செட் வடை கேட்டார்கள். கொடுத்தாள்.

“தானமா?”

“சட்டத்துல அதுக்கு அப்டிதான் பேரு.”

“வாங்கிக்கறேன். ஆனா தேங்க்ஸ் சொல்ல மாட்டேன். மொதல்லயே சொல்லிட்டேன்.”

“சொல்ல வேணாம்.”

“பக்கத்துல நின்னு போட்டோ எடுத்து குரூப்புல போடற வேலையெல்லாம் வெச்சிக்கக் கூடாது.”

“வெச்சிக்கல.”

“சரி வை. எண்ண காயுது.”

என் மனைவி சுமதி அடுத்த அறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். “யாழினிக்கு என்ன வைக்கப் போறீங்க?” என்று மட்டும் கேட்டாள். இந்த நாட்டில் அவளுக்குக் கல்லூரிக் கட்டணம் அநேகமாக இல்லை, வீட்டுக்குப் பக்கத்திலேயே நூலகம், பல்லில் வலி வந்தால் அன்றே மருத்துவர், இவை எல்லாம் அவள் பிறந்தபோதே கையில் வந்த பொட்டலம் என்றேன். சுமதி, “அது சரி, நிலம் நிலம்தானே” என்றாள். அவள் இன்னும் முழுதாக ஒப்பவில்லை. அதையும் எழுதி வைக்கிறேன்.

6

நிலத்தை அக்காவுக்கு எழுதிக் கொடுக்கப் போவதைச் சேகரிடம் சொன்னேன். மூன்று நாள் கழித்து ஒரு யோசனையோடு கூப்பிட்டான்.

“வாணாம்ணா, நமக்குள்ள சண்ட. சாமிகிட்டயே விட்டுடலாம். அதே பிள்ளையார் கோயில். பூ கட்டிப் போடலாம். வெள்ள வந்தா அக்காவுக்குக் குடு. செவப்பு வந்தா கையெழுத்து போடு. என்னா வந்தாலும் நான் வாயத் தெறக்க மாட்டேன்.”

அவன் இதைச் சூழ்ச்சியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே நம்பிச் சொன்னான். அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

“மாட்டேன்,” என்றேன்.

“சாமிய நம்பலியா நீ?”

“யாரு குடுக்கறதுன்னு தெரியாதப்ப பூ போட்டாங்க. இப்ப தெரியுது. என் கையில இருக்குது, நான் குடுக்கறேன். இதுல சாமிய எதுக்கு இழுக்கற?”

“ஊர்ல என்னப் பாத்து சிரிப்பாங்க.”

“உழைப்பால உயர்ந்தவரு நீ. மறுபடியும் உழைச்சிக்கோ.”

போனை வைத்துவிட்டான். அப்படிச் சொன்னதற்கு நான் வருந்தவில்லை.

இந்த இடத்தில் உங்களில் சிலருக்கு என்மேல் கோபம் வரும். வெளிநாட்டில் வசதியாக உட்கார்ந்துகொண்டு உழைப்பைக் கேவலப்படுத்துகிறான் என்பீர்கள். நான் உழைப்பைக் கேவலப்படுத்தவில்லை. உழைப்பின் பேரைச் சொல்லி உழைத்தவளை அவள் அடுப்படியிலிருந்து எழுப்பப் பார்த்தவர்கள் யார் என்று யோசியுங்கள். நீங்களும் உழைத்திருப்பீர்கள். உங்கள் கடைக்கு எதிரே பேருந்து நிலையம் வந்ததையும், உங்கள் மாமனார் கொடுத்த மனையையும், உங்கள் சாதிக்காரர் ஒருவர் அலுவலகத்தில் இருந்ததையும், காய்ச்சல் வந்த வருடம் நீங்கள் பிழைத்ததையும் அதோடு சேர்த்துச் சொல்லுங்கள். சொன்னால் உங்கள் உயரம் ஒன்றும் குறைந்துவிடாது. எதன்மேல் நிற்கிறீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

அடுத்த பாராட்டு விழாவுக்கு என்னையும் கூப்பிடப் போவதாக ஒரு பேச்சு அடிபட்டது. கூப்பிடுங்கள், வருகிறேன். ப்ளெக்ஸில் 'பாதை ஓரத்துக் கல்லால் உயர்ந்தவர்' என்று போட்டால்.

7

பவர் எதுவும் வேண்டாம் என்று விடுமுறை போட்டு நானே ஊருக்குப் போனேன். யாழினிக்குப் பள்ளி விடுமுறை என்பதால் அவளும் வந்தாள். பத்திரம் எழுதுபவர் எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தார். கௌரி அக்காவின் இட்லிக்கு அவர் காட்டிய மரியாதை அது. பதிவு அலுவலகத்தில் என் விரலை இயந்திரம் ஏற்க மறுத்தது. ஜெர்மன் குளிரில் தோல் தேய்ந்திருக்கும் என்றார் ஒருவர். வேட்டியில் துடைத்துத் துடைத்து வைத்தேன். அக்காவின் விரலும் பதியவில்லை. அவளுடையது அடுப்பில் தேய்ந்தது. “ரெண்டு பேருக்குமே ரேகை இல்லம்மா, எப்டி ஜோசியம் பாக்கறது?” என்றார் அங்கிருந்த பெண் ஊழியர். எலுமிச்சம் பழத்தைத் தேய்த்துவிட்டு வைக்கச் சொன்னார். பதிந்தது.

அக்கா சொன்னபடி நன்றி சொல்லவில்லை. ஆட்டோவில் வரும்போது வண்டிப்பாதையில் மண் கொட்ட எத்தனை லோடு ஆகும் என்று மணி மாமாவோடு பேசிக்கொண்டே வந்தாள். சாலை முகப்பு கிடைத்துவிட்டதால் பின்னால் இருக்கும் கொல்லைக்கும் இனி விலை உண்டு. நேற்றுவரை அவள் கண்களில் இல்லாத ஒரு கணக்கு அதற்குள் அங்கே ஓடத் தொடங்கிவிட்டது. பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

கடையில் சேகர் உட்கார்ந்திருந்தான். என்னோடு கோபம் வேறு, காலை டிபன் வேறு. அது எப்போதும் அக்கா கடையில்தான். சென்னைக்காரர் வேறு இடம் பார்த்துப் போய்விட்டாராம். எங்களைப் பார்த்ததும் தட்டை நகர்த்தினான். நான் எதிரே உட்கார்ந்தேன். யாழினி அவனுக்கு வணக்கம் சொன்னாள். அவளுக்கு மட்டும் பதில் வணக்கம் சொன்னான்.

அக்கா கைப்பையை ஆணியில் மாட்டிவிட்டு நேராக அடுப்புக்குப் போனாள். சேகருக்குப் பொறுக்கவில்லை. அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்த நாலைந்து பேருக்கும் கேட்கும்படியாகவே சொன்னான்.

“பாத்தியாக்கா? உக்காந்த எடத்துலயே கோடி ரூபா எடம் வந்துடுச்சி. இதுல உன் உழைப்பு என்னா இருக்குது?”

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். நான் வாயைத் திறக்கப் போனேன். அக்கா கரண்டியால் என்னை அடக்கிவிட்டு, அவன் தட்டில் இன்னொரு வடையை வைத்தாள்.

“ஒண்ணும் இல்லடா. நாலு இட்லிக்கு உண்டான உழைப்புகூட இதுல இல்ல. அதிர்ஷ்டந்தான். எந்த மேடையில வேணா ஏத்தி மைக்கக் குடு, இதயேதான் சொல்லுவேன். நீ சொல்லுவியா?”

சேகர் வடையைப் பிய்த்துச் சட்னியில் தோய்த்தான்.

“சட்னி போடு,” என்றான்.